கலைக்கப்பட்ட ஊராட்சிகளின் பதிவேடுகள் யாரிடம் இருக்க வேண்டும்?

ஏரிக்கரை: 2011இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி ஒரேயடியாகக் கலைந்தன. 174 சதுர கி.மீ. பரப்பு 426 ஆனது. சரி, அந்த 42 மன்றங்களின் தீர்மானப் புத்தகங்களும் மனைப்பிரிவுக் கோப்புகளும் எங்கே? பல ஊராட்சிகளை நகரத்தோடு இணைக்கும் பேச்சு இப்போதும் ஓடுவதால் கேட்கிறேன். நடப்புக் கணக்கு போக மிச்சத்தை எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பட்டியல் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

பழைய பில் கலெக்டர்: ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். சொத்து, கடன், வழக்கு எல்லாம் மாநகராட்சி தலையில் விழும்போது காகிதம் மட்டும் எதற்கு எழும்பூருக்கு? வரிப் பெயர் மாற்றத்துக்கு ஒருத்தர் வந்து நின்றால் 1990களின் பதிவேட்டை அன்றைக்கே புரட்டிப் பார்த்தாக வேண்டும், கடிதம் எழுதிக் காத்திரு என்று சொல்ல முடியுமா? பத்திரம் சார்பதிவாளரிடம், பட்டா தாலுகாவில். ஊராட்சிக் காகிதத்தில் தனியாக என்ன இருக்கிறது?

ஏரிக்கரை: நிறைய இருக்கிறது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) பக்கமே போகாமல் தலைவர் கையெழுத்தில் போட்ட ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மூலை பூங்கா, எது பொதுக் கிணறு என்று சொல்லும் வரைபடம் பெரும்பாலும் ஊராட்சிக் கோப்பில் மட்டும்தான். அது தொலைந்தால் அந்த மூலையை யாராவது வேலி போட்டு விற்றுவிடுவார்கள், கேட்க நம் கையில் ஒன்றும் இருக்காது.

செல்வி மு: இது எங்கள் ஊரில் நடந்ததுங்க, ஊர் பெயர் வேண்டாம். இணைப்புக்குப் பிறகு தெருவை மறித்து ஒருத்தர் சுவர் எழுப்பினார். தெருவை ஊராட்சி ஏற்றுக்கொண்ட தீர்மான நகல் கேட்டு ஆர்டிஐ போட்டேன். “இவ்வலுவலகத்தில் கோப்பு இல்லை” என்று ஒரு வரியில் பதில். பதிவேடுகள் மூட்டையாகப் பழைய ஊராட்சிக் கட்டடத்தில் கிடந்ததை நானே பார்த்தேன், கூரை ஒழுகி, தாளோடு தாள் ஒட்டிப்போய்.

பழைய பில் கலெக்டர்: அது பராமரிப்புக் கோளாறு அம்மா, இடத்தின் கோளாறு இல்லை. தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 4இலேயே பதிவுகளை அட்டவணைப்படுத்தி வை என்று இருக்கிறதே, அதைச் செய்ய வையுங்கள்.

ஏரிக்கரை: இல்லாத அலுவலகத்தின் மூட்டைக்கு யார் சார் அட்டவணை போடுவார்? 1993 பொது ஆவணச் சட்டமும் மத்திய அரசு, யூனியன் பிரதேசங்களோடு நின்றுவிடுகிறது, நம் ஊராட்சிகளைத் தொடாது. லண்டனில் 1986இல் பெருநகர மன்றத்தையே கலைத்தார்கள், ஆனால் அதன் ஆவணக் காப்பகம் சிட்டி ஆஃப் லண்டன் மாநகராட்சி பொறுப்பில் தொடர்ந்தது. காகிதத்துக்கு யார் பொறுப்பு என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

பழைய பில் கலெக்டர்: பட்டியல் வேண்டும், அதில் உங்களோடு நிற்கிறேன். கலைக்கிற நாளுக்கு முன்பே ஊராட்சிச் செயலரும் மண்டல அலுவலரும் ஒவ்வொரு புத்தகமாக எண்ணிக் கையெழுத்துப் போடட்டும், ஒரு நகல் கலெக்டர் ஆபீசுக்குப் போகட்டும். புத்தகத்தை மட்டும் ஊரை விட்டு எடுக்க விடமாட்டேன்.

செல்வி மு: நகலைப் பொதுமக்கள் பார்க்கிற மாதிரி ஒட்டவும் வேண்டும். கலெக்டர் ஆபீசில் இருக்கிற நகலுக்கும் நான் ஆர்டிஐ போட்டு அலைய முடியாது.