எங்கள் வீட்டுக் குழு: பூன் கவுண்டியில் எட்டு ஏக்கர்

*சனிக்கிழமை*

செல்வி, காலை 6.42: பெரியப்பா, நாங்கள் பார்த்திருக்கும் நிலத்தின் படங்கள் இவை. அமெரிக்காவின் அயோவா மாநிலம், பூன் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). ஒரு பழைய பண்ணை வீடும் எட்டு ஏக்கரும். மண்ணைப் பாருங்கள், நம் கோவில்பட்டிக் கரிசலைப் போலவே கறுப்பு!
[4 படங்கள்]

பெரியப்பா, காலை 6.55: பார்த்தேன் அம்மா. கறுப்பு சரி. காய்ந்தால் வெடிக்கிறதா? நம் நிலத்தில் பங்குனியில் விழும் வெடிப்புக்குள் கையே நுழையும்.

செல்வி: அப்படி வெடிப்பதில்லை. கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிர்கிறது.

பெரியப்பா: அப்படியானால் அது கரிசல் இல்லை. நம்முடையது களிமண், பார்வைக்குத்தான் கறுப்பு. மக்கு மிகக் குறைவு. அங்கே எது மக்கி இப்படிக் கறுத்தது?

செல்வி: புல், பெரியப்பா. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன்பு பனிப்பாறை உருகி விலகியபோது அரைத்துப் போட்டுவிட்டுப் போன மண் இது. அதன்மேல் ஆளுயரப் புல் முளைத்து, வேர்கள் தலைமுறை தலைமுறையாக மண்ணுக்குள்ளேயே மக்கியிருக்கின்றன. அரசின் மண் வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த எட்டு ஏக்கருக்குள்ளேயே ஐந்து வகை காட்டுகிறது! மேட்டில் கிளாரியன், அதற்குக் கீழே நிக்கொலெட், தட்டையான தாழ்வில் வெப்ஸ்டர், குழியில் ஒகோபோஜி, குழியின் விளிம்பில் ஹார்ப்ஸ்.

கதிர்: அத்தான், அங்கே நிலத்துக்கு மதிப்பெண் போடுவார்களாமே?

முருகேசன்: ஆமாம் கதிர், 5 முதல் 100 வரை. மக்காச்சோளம் விளைவதற்கு எவ்வளவு ஏற்றது என்பதற்கான அளவு அது. நிலத்தின் விலை பேசும்போது முதலில் கேட்பதே அதைத்தான். இந்த நிலத்தின் சராசரி 82 என்கிறார் தரகர்.

பெரியப்பா: சராசரியில் விதைக்க முடியாது மாப்பிள்ளை. மேடு எத்தனை ஏக்கர், குழி எத்தனை ஏக்கர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். நீங்கள் போடப்போவது கத்தரியும் வெண்டையும். அவற்றுக்கு வேரில் தண்ணீர் தேங்கவே கூடாது. செல்வி, மூன்றாவது படத்தில் சோயா மஞ்சளாக நிற்கிறதே, அது எந்த இடம்?

செல்வி: குழியின் விளிம்பு. உரம் போதவில்லை என்று நினைத்தேன்.

பெரியப்பா: இல்லை. இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. நம் சுக்கான் நிலத்தில் நிலக்கடலையும் இப்படித்தான் வெளுக்கும். மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு அதை வேருக்குக் கிடைக்கவிடாது. அந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பார்.

*ஞாயிற்றுக்கிழமை*

செல்வி, காலை 7.10: நுரைக்கிறது பெரியப்பா! மேட்டு மண்ணில் அசைவே இல்லை, விளிம்பு மண்ணில் பொங்குகிறது. வரைபடத்தின் விளக்கத்திலும் ஹார்ப்ஸ் என்றால் சுண்ணாம்பு மண் என்றுதான் இருக்கிறது. குழியில் தேங்கும் நீர் விளிம்பு வழியாக மேலேறி ஆவியாகும்போது சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிடுகிறதாம். கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

பெரியப்பா: அது கிடக்கட்டும். குழித் தண்ணீர் எங்கே போகிறது? ஓடை இருக்கிறதா?

முருகேசன்: வெளியே எதுவும் தெரியாது. எல்லாம் நிலத்துக்கு அடியில்தான். மூன்று நான்கு அடி ஆழத்தில் குழாய் பதித்திருக்கிறார்கள், இங்கே அதை டைல் என்கிறார்கள். அந்தக் காலத்தில் சுட்ட களிமண் குழாய், இப்போது துளையிட்ட பிளாஸ்டிக். இந்த வட்டாரத்தில் பாதி நிலம் முன்பு சதுப்பாகக் கிடந்ததாம். டைல் பதித்துத் தண்ணீரை வடித்த பிறகுதான் இது மக்காச்சோள நாடாயிற்று. டைல் உடைந்தால் குழி மறுபடியும் குளமாகிவிடும்.

அம்மா: வயலில் வடிகிற தண்ணீர்தான் கிணற்றுக்கும் வருமா? குழந்தைக்கு அதையா கொடுப்பீர்கள்?

செல்வி: நல்ல கேள்வி அம்மா. உரத்தின் நைட்ரேட் டைல் வழியாக ஆற்றுக்குப் போகிறது. டி மொயின் நகரக் குடிநீர் நிலையத்தில் நைட்ரேட்டைப் பிரித்தெடுக்கத் தனி ஆலையே வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கிணற்று நீரைச் சோதித்து முடிவு கைக்கு வரும்வரை கையெழுத்துப் போட மாட்டோம்.

கதிர்: அக்கா, ஆற்றங்கரைச் சரிவில் உள்ள வேறு நிலம் விலை குறைவு என்றாயே?

செல்வி: அங்கே மண்ணே வேறு. காட்டு மரங்களுக்கு அடியில் உருவானது, பெயர் ஹேடன். மேலே மெல்லிய கறுப்பு, தோண்டினால் வெளிறிவிடுகிறது. சரிவில் உழுதால் அந்த மெல்லிய பகுதியும் அரித்துப் போகும். மரங்களோடு அப்படியே விட்டுவைக்க வேண்டிய இடம் அது.

பெரியப்பா: சரியாகச் சொன்னாய். இந்த எட்டு ஏக்கரிலும் குழியைத் தொடாதே. மேட்டில் காய்கறி போடு.

முருகேசன்: குழியில் புதிதாக டைல் பதிப்பதும் எளிதில்லை. 1985-இல் வந்த சட்டப்படி, இன்னும் வடிக்கப்படாத சதுப்பை வடித்துப் பயிரிட்டால் அரசின் வேளாண் உதவிகள் நின்றுவிடும். குழியில் பழைய புல்வகைகளையே மறுபடியும் விதைக்கலாமா என்று யோசிக்கிறோம்.

பெரியப்பா: விதையுங்கள். டைல் வரைபடம் கிடைத்ததா?

செல்வி: பல நிலங்களுக்குப் பொதுவான வடிகாலைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பை இங்கே வடிகால் மாவட்டம் என்கிறார்கள். அதன் வரைபடங்கள் கவுண்டி அலுவலகத்தில் இருக்கும். நாளை காலை போகிறேன். நிலத்துக்குள் ஓடும் டைல் எது என்று உரிமையாளரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

பெரியப்பா: கேள். டைல் வெளியே வந்து விழும் வாய் எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பார். பெரிய மழை பெய்த மறுநாள் அதில் தண்ணீர் எப்படி வருகிறது என்று படம் எடுத்து அனுப்பு. கலங்கலாக வந்தால் உள்ளே எங்கோ உடைந்து மண் போய்க்கொண்டிருக்கிறது.

செல்வி: வியாழக்கிழமை மழை என்கிறார்கள் பெரியப்பா. வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்.