டீப்பாய் பலகை சேரும் இடத்தில் இடைவெளி: குறைந்த விலையில் நம்பகமான ஸ்ட்ரெய்ட் எட்ஜ் எது?

கேள்வி: மரவேலை கற்பவன், கோவை

வணக்கம். மூன்றடி நீளத் தேக்குப் பலகை இரண்டை விளிம்போடு விளிம்பு ஒட்டி, டீப்பாய்க்கு மேல்பலகை செய்துகொண்டிருக்கிறேன். இழைப்புளியால் இழைத்த பிறகு ஒரு மீட்டர் அலுமினிய ஸ்கேலை விளிம்பில் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் வெளிச்சம் தெரியவில்லை. ஆனால் இரண்டு பலகையையும் சேர்த்து வைத்தால் நடுவில் தொடுகிறது, இரண்டு முனையிலும் அரை மில்லிமீட்டர் போல இடைவெளி நிற்கிறது. கிளாம்ப் போட்டு இறுக்கினால் மூடிக்கொள்கிறது, பிறகு விட்டுவிடுமோ என்று பயம்.

ஸ்கேல் ஆன்லைனில் வாங்கியது. மெஷின் ஷாப்பில் வைத்திருக்கும் ஸ்டீல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (நேர் பார்க்கும் பட்டை) என் பட்ஜெட்டுக்கு எட்டாது. 1,500 ரூபாய்க்குள் நம்பி வாங்க என்ன இருக்கிறது? ரசமட்டத்தையே வைத்துப் பார்க்கலாமா?

பதில்: பணி ஓய்வு பெற்ற ஃபிட்டர், சென்னை

தம்பி, வாங்குவதற்கு முன் கையில் இருக்கும் ஸ்கேலைச் சோதித்துவிடுங்கள். காசு செலவில்லை.

வெள்ளை சன்மைக்கா ஒட்டிய பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்து, ஸ்கேலின் விளிம்பை ஒட்டி முனை கூரான பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் ஸ்கேலைப் புத்தகப் பக்கம் திருப்புவது போலக் கவிழ்த்து, அதே விளிம்பை அதே கோட்டின் இரு முனைகளிலும் பொருத்தி இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் ஸ்கேல் நேர். நடுவில் பிரிந்தால், அந்தப் பிரிவில் பாதிதான் ஸ்கேலின் உண்மையான கோணல். பிழை இரண்டு மடங்காகத் தெரிவதால் கண்ணுக்கு நன்றாகப் பிடிபடும்.

எந்தப் பக்கம் கோணல் என்றும் இதிலேயே தெரியும். ஸ்கேல் கிடந்த பக்கமாகவே அதன் கோடும் வளைந்திருந்தால் விளிம்பு நடுவில் குழிவு. எதிர்ப்பக்கம் வளைந்தால் நடுவில் மேடு. கவனம், ஸ்கேலைக் கவிழ்க்காமல் மேசை மேலேயே வட்டமாகச் சுற்றித் திருப்பினால், ஒரு பாதி மேடும் மறு பாதி பள்ளமுமான நெளிவு மறைந்துகொள்ளும்.

ரசமட்டத்தின் மேல் 0.5 மி.மீ./மீ என்று போட்டிருப்பார்கள். அது குமிழின் துல்லியம். அடிவிளிம்பு எவ்வளவு நேர் என்பதற்கு அந்த எண் உத்தரவாதம் இல்லை. அதையும் இதே மாதிரி சோதித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

கேள்வி கேட்டவர்

ஐயா, கவிழ்த்துக் கோடு போட்டுப் பார்த்தேன். நடுவில் அரை மில்லிமீட்டர் போலப் பிரிகிறது. ஸ்கேல் கிடந்த பக்கமாகத்தான் வளைவு.

பதில்: பணி ஓய்வு பெற்ற ஃபிட்டர், சென்னை

கணக்கு சரியாகப் பொருந்துகிறது. உங்கள் ஸ்கேல் நடுவில் கால் மில்லிமீட்டர் குழிவு. அதற்குப் பொருந்த இழைத்ததால் ஒவ்வொரு பலகையும் நடுவில் கால் மில்லிமீட்டர் மேடு. இரண்டும் சேரும்போது முனையில் அரை மில்லிமீட்டர். உங்கள் இழைப்பில் குறை இல்லை, ஸ்கேல் சொன்னதை அப்படியே செய்திருக்கிறீர்கள்.

இதைக் கிளாம்பால் இறுக்கி ஒட்டவே ஒட்டாதீர்கள். மரம் முனை வழியாகத்தான் வேகமாகக் காயும். ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் முனை அப்போது சுருங்கினால், ஒட்டிய இடம் அங்கேதான் வாய் பிளக்கும்.

பதில்: அலுமினிய ஃபேப்ரிகேஷன், மதுரை

எங்கள் மாதிரி கடைகளில் ஜன்னல் வேலைக்கு வரும், உள்ளே கூடான 3 அங்குல அலுமினிய பாக்ஸ் செக்‌ஷன், கிலோ கணக்கில் கிடைக்கும். நான்கடி துண்டு 1,500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். கனமான சுவராகக் கேளுங்கள். ஆனால் கையில் வந்ததை அப்படியே வாங்கி வராதீர்கள், எக்ஸ்ட்ரூஷனில் (அச்சு வழியாகத் தள்ளி எடுத்த உலோகத்தில்) வளைவு சகஜம். கடையிலேயே இரண்டு துண்டை விளிம்போடு விளிம்பு வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், ஒன்றைக் கவிழ்த்து மறுபடியும் பாருங்கள். நல்ல துண்டு கிடைக்கும் வரை மாற்றச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

இன்னொரு வழி, எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பட்டை வாங்கி, சுழலும் கல்லால் மட்டமாகச் சீவும் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்துகொள்வது. கோவையில் ஜாப் ஒர்க் கடைக்குப் பஞ்சமில்லையே?

பதில்: பணி ஓய்வு பெற்ற ஃபிட்டர், சென்னை

செக்‌ஷன் யோசனை நல்லது. கிரைண்டிங் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. வளைந்த மெல்லிய பட்டையை மெஷினின் காந்த சக் (காந்தத்தால் பிடிக்கும் மேடை) இழுத்து நேராக்கிப் பிடிக்கும், கல் மேலே சமமாகச் சீவும், காந்தத்தை அணைத்ததும் பட்டை பழைய வளைவுக்கே போய்விடும். இதைச் சரியாகச் செய்ய அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, மாற்றி மாற்றித் திருப்பிப் பொறுமையாக எடுக்க வேண்டும். ஒரு மீட்டர் நீள டேபிள் எல்லாக் கடையிலும் இருக்காது. அந்தக் கூலிக்கு உங்களுக்கு லாபமில்லை.

பதில்: தச்சு வேலை, காரைக்குடி

தம்பி, எதற்கு வாங்க வேண்டும்? மரத்திலேயே செய்துகொள்ளலாம். எங்கள் பக்கம் அந்தக் காலத்திலிருந்து மட்டக்கட்டை மரத்தில்தான்.

பழைய மரக்கடையில் வைரம் பாய்ந்த தேக்குச் சட்டம் கேளுங்கள். ரேகை நேராக ஓட வேண்டும், கணு இருக்கக் கூடாது. மூன்றரை அடி நீளம், மூன்று அங்குல அகலம், முக்கால் அங்குல கனத்தில் இரண்டு துண்டு. இரண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து வைஸில் கட்டி, விளிம்பு இரண்டையும் ஒரே ஓட்டத்தில் இழையுங்கள். பிறகு பிரித்து, புத்தகம் விரிப்பது போல விரித்து, இழைத்த விளிம்புகளை ஒன்றோடொன்று சேருங்கள். மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் எதிரெதிரே வரும், பிழை இரண்டு மடங்காகத் தெரியும். வெளிச்சம் எங்கேயும் நுழையாத வரைக்கும் மறுபடி கட்டி, மறுபடி இழைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

முடிந்ததும் எல்லாப் பக்கமும், முனை உட்பட, ஒரே மாதிரி வார்னிஷ் அடியுங்கள். ஒன்றை வேலைக்கு வையுங்கள், இன்னொன்று அதைச் சோதிக்க மட்டும். ஐப்பசி மழையில் மரம் கொஞ்சம் அசையும், அப்போது ஜோடி சேர்த்துப் பார்த்து இரண்டு இழை இழுத்தால் போதும்.

உங்கள் டீப்பாய் பலகையையும் இதே போலச் சேர்த்துக் கட்டியே இழைக்கலாமே. இழைப்புளி கொஞ்சம் சாய்ந்து ஓடியிருந்தாலும், விரிக்கும்போது ஒரு சாய்வை இன்னொன்று சரிக்கட்டிவிடும். ஸ்கேலே தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

அண்ணா, மூன்று துண்டு செய்தால்தான் உண்மையான நேர் வரும் என்று கேள்விப்பட்டேன். இரண்டு போதுமா?

பதில்: பணி ஓய்வு பெற்ற ஃபிட்டர், சென்னை

அது தனித்தனியாகச் செய்யும் துண்டுகளுக்கு. ஒன்று மேடும் மற்றது அதற்கேற்ற பள்ளமுமாக இருந்தால் இரண்டும் அழகாகப் பொருந்திவிடும், இரண்டுமே நேர் இல்லாமலே. மூன்றாவது துண்டோடு மாற்றி மாற்றிச் சேர்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும். மெஷின் ஷாப்பில் சர்ஃபேஸ் பிளேட்டை (மட்டம் பார்க்கும் தட்டை) மூன்று மூன்றாகச் சுரண்டித் தேய்ப்பது இதனால்தான். 1840-இல் இங்கிலாந்தின் ஜோசஃப் விட்வொர்த் இந்த முறையைப் பற்றி விளக்கிப் பேசியிருக்கிறார். சேர்த்துக் கட்டி இழைக்கும்போது இரண்டு விளிம்புக்கும் ஒரே வடிவம்தான், ஒன்றின் பிழையை மற்றது மறைக்க வழியில்லை. இரண்டு போதும்.

கேள்வி கேட்டவர்

பலகை இரண்டையும் சேர்த்துக் கட்டி இழைத்துவிட்டேன். இப்போது முனை இரண்டும் தொடுகின்றன, நடுவில் மட்டும் மயிரிழை வெளிச்சம். ஏ4 தாள் நுழையவில்லை. இன்னும் இழைக்கவா?

பதில்: தச்சு வேலை, காரைக்குடி

வேண்டாம், நிறுத்திக்கொள்ளுங்கள். ஏ4 தாள் 0.1 மில்லிமீட்டர் கனம், அதற்கும் குறைவான நடுக்குழிவு நல்லதுதான். நடுவில் ஒரு கிளாம்ப் போட்டாலே மூடும், முனைகளும் அழுத்தத்திலேயே இருக்கும். ஃபெவிகால் தடவி இன்றைக்கே ஒட்டுங்கள், நாளை வரை கிளாம்பை எடுக்காதீர்கள்.