பால் குடிக்கும் குழந்தை இருக்கும்போது எந்தக் கருத்தடை முறையைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: மலைமேல் ஒரு தாய், ஏற்காடு

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலையில் இருக்கிறேன். சேலத்தில் அறுவைச் சிகிச்சை மூலம் பிறந்த என் மகளுக்கு இப்போது மூன்றரை மாதம் ஆகிறது. இவள் தலைப்பிள்ளை. அடுத்த குழந்தையைப் பற்றி மூன்று ஆண்டுகள் கழித்தே யோசிப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம்.

மகளுக்கு இதுவரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லை. எனக்கு மாதவிலக்கும் இன்னும் வரவில்லை. பேறுகால விடுப்பின் 26 வாரங்களில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டதால், அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். பகலில் குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்வார்.

கருத்தடை பற்றி வீட்டில் ஆளுக்கொரு பேச்சாக இருக்கிறது. பால்குடி மறக்கும்வரை கரு தங்காது என்பது மாமியாரின் உறுதியான கருத்து. நாத்தனாரோ தாம் பயன்படுத்தும் மாலா-டி மாத்திரை அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, 21 வெள்ளை மாத்திரைகளையும் 7 பழுப்பு மாத்திரைகளையும் வரிசையாகக் காட்டி, பழுப்பு மாத்திரை இரும்புச் சத்து என்பதால் பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்கிறார். பிரசவத்தின்போது காப்பர்-டி வைத்துக்கொள்ளுமாறு கேட்டது உண்மைதான். ஆனால் கர்ப்ப காலம் முழுவதும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அறுவை அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அந்த நிலையில் யாரால் யோசிக்க முடியும்? மறுத்துவிட்டேன்.

பால் குறைந்துவிடக் கூடாது, மருந்து குழந்தையைப் பாதிக்கக் கூடாது, அதற்காக அடிக்கடி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் போக வேண்டிய நிலையும் வரக் கூடாது. இந்த மூன்றுக்கும் பொருந்தும் வழி இருந்தால், விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், அயோத்தியாப்பட்டணம்

தங்கைக்கு வணக்கம். முதலில் அந்த மாலா-டி அட்டையை நாத்தனாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழுப்பு மாத்திரை இரும்புச் சத்து என்பது சரிதான், ஆனால் வெள்ளை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. அது பால் சுரப்பைக் குறைக்கக்கூடியது. பிரசவம் முடிந்த முதல் ஆறு வாரங்களில் இரத்தம் உறையும் ஆபத்தையும் கூட்டும். அதனால்தான் பாலூட்டும் தாய்மார்களுக்கு ஆறு மாதம் நிறையும்வரை இவ்வகை மாத்திரையைப் பொதுவாகத் தருவதில்லை. அரசு இலவசமாக வழங்கும் மாலா-என் மாத்திரையிலும் இருப்பது அதே மருந்துதான்.

உங்கள் மாமியார் சொல்வதை முற்றிலும் தவறென்று தள்ள மாட்டேன். குழந்தை மார்பைச் சப்பும் ஒவ்வொரு முறையும் தாயின் உடலில் எழும் தூண்டல், கருமுட்டையை முதிரவைத்து வெளியேற்றும் சுரப்புகளை அடக்கிவைக்கிறது. ஆனால் இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு, மூன்றும் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். பகலில் நான்கு மணி நேரத்துக்கும் இரவில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விழக் கூடாது. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய வல்லுநர்கள் இந்த நிபந்தனைகளை வகுத்தார்கள். ஒழுங்காகக் கடைப்பிடித்தால் 98 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு உண்டு.

ஆகவே இன்றுவரை உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருந்திருக்கிறது. அது முடிவது ஆறாம் மாதத்தில் அன்று, நீங்கள் வேலைக்குப் போகும் முதல் நாளில். காலையில் பாலூட்டிவிட்டுப் போய் மாலையில் திரும்பினால் இடைவெளி நான்கு மணியைத் தாண்டிவிடும். பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவது குழந்தைக்கு மிகவும் நல்லது. ஆனால் கையால் பீய்ச்சுவதிலோ பம்பிலோ குழந்தை சப்பும்போது எழும் தூண்டல் அதே அளவில் எழுவதில்லை. மாதவிலக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடக்கூடும் என்பதால், விலக்கே ஆகாமல் அடுத்த கருவைச் சுமந்துகொண்டு வந்து நின்ற பெண்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அறுவைச் சிகிச்சை ஆனவருக்கு இது கூடுதல் கவலை. பிரசவங்களுக்கிடையே போதிய இடைவெளி இல்லாவிட்டால், அடுத்த பிரசவ வலியின்போது பழைய தழும்பு விடும் ஆபத்து அதிகம். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதம் காத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நீங்கள் மலையில் இருப்பதை வைத்துப் பார்த்தால், என் மனம் காப்பர்-டி பக்கமே சாய்கிறது. அதில் ஹார்மோன் கிடையாது, பாலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 375 என்ற வகை ஐந்து ஆண்டுக்கும், 380ஏ என்ற வகை பத்து ஆண்டுக்கும் இருக்கும். வேண்டாம் என்று எடுத்த மறு மாதமே கருத்தரிக்கலாம். வைத்துக்கொண்ட பிறகு முதல் மாதவிலக்கு முடிந்ததும் ஒரு முறை காட்டிவிட்டால், அதன் பின் தொந்தரவு இருந்தால் ஒழியப் போக வேண்டியதில்லை. பாலூட்டும் காலத்தில் கருப்பை மென்மையாக இருப்பதால் கருவி சுவரைத் துளைக்கும் வாய்ப்பு மற்றக் காலத்தைவிடச் சற்றுக் கூடுதல். அப்போதும் அது அரிதுதான் என்றாலும், கைப்பழக்கம் உள்ள மருத்துவரிடமே வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில மாதங்களுக்கு உதிரப்போக்கும் வயிற்று வலியும் கூடும். அதனால் கேட்கிறேன், பிரசவத்துக்குப் பின் உங்கள் ஹீமோகுளோபின் அளவு எவ்வளவு?

பதில்: கொண்டலாம்பட்டி அக்கா

செவிலியர் அம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் காப்பர்-டி என்றாலே அச்சப்படும் பெண்களுக்காக, என் இரண்டாவது மகன் பிறந்த பின் நான் போட்டுக்கொண்ட அந்தரா ஊசியைப் பற்றிச் சொல்கிறேன். அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டும். பாலூட்டுபவர் பிரசவமாகி ஆறு வாரம் கழிந்த பிறகு தொடங்கலாம். எனக்குப் பால் குறையவில்லை. பையன் ஒன்றரை வயதுவரை குடித்தான்.

தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் ஊசிக்குப் பிறகு தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும்போது நேரங்காலம் இல்லாமல் சொட்டுச் சொட்டாகப் படும். பிறகு மாதவிலக்கு அடியோடு நின்றுபோனது. விலக்காகாத கெட்ட இரத்தம் எல்லாம் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும் என்று என் தாயார் அழாத குறையாகச் சொன்னார். கருப்பையின் உட்படலம் தடிக்காமலே இருப்பதால்தான் விலக்காவதில்லை, உள்ளே தங்குவதற்கு ஒன்றும் இல்லை என்று ஊசி போட்ட செவிலியர் பொறுமையாக விளக்கிய பிறகே அவர் அடங்கினார். ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்க ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம். மூன்று ஆண்டு கழித்துப் போதும் என்கிற உங்களுக்கு அது ஒரு குறையாகத் தோன்றாது.

பதில்: ஒரு தந்தை, அஸ்தம்பட்டி

ஆண்களும் பேச வேண்டிய இடம் என்பதால் எழுதுகிறேன். எந்த முறையை எடுப்பது என்று முடிவாகும்வரை ஆணுறை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் நிரோத் இலவசமாகக் கிடைக்கும். பாலூட்டும் காலத்தில் பெண்ணுக்கு இயற்கையாகவே உலர்வு ஏற்படும் என்பது எங்களுக்கு முதலில் தெரியாது. அதற்காக வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை எடுத்துவிடாதீர்கள், எண்ணெய் பட்டால் ஆணுறையின் ரப்பர் நைந்து கிழிந்துவிடும். நீர் சார்ந்த வழுவழுப்புக் களிம்பு மருந்துக் கடையில் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்: மலைமேல் ஒரு தாய், ஏற்காடு

மூவருக்கும் மிக்க நன்றி. மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபோது கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.2 என்று எழுதியிருக்கிறது. இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அதைக் காலைக் காப்பியோடு விழுங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த நிலையில் காப்பர்-டி சரிவருமா? ஊசி என்றால் எனக்குக் கொஞ்சம் தயக்கம். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் போடும் மாத்திரை ஒன்று இருப்பதாகவும் கேள்விப்பட்டேன்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், அயோத்தியாப்பட்டணம்

காப்பித் தோட்டத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்வது கடினம்தான். ஆனாலும் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது காப்பியோ தேநீரோ வேண்டாம், அவை இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொண்டால் நல்லது.

9.2 என்பது குறைவு. காப்பர்-டி வைக்கவே கூடாது என்று விதி இல்லை, ஆனால் உதிரப்போக்கைக் கூட்டும் ஒன்றை இப்போதே வைக்க நான் சொல்ல மாட்டேன். மறுபடி இரத்தம் பரிசோதித்து, அளவு ஏறிய பிறகு யோசிக்கலாம். அதுவரைக்கும், விரும்பினால் அதற்கு அப்பாலும், நீங்கள் கேள்விப்பட்ட மாத்திரையே பொருந்தும். அதன் பெயர் சாயா. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மருந்து அது. ஸ்டீராய்டு ஹார்மோன் அல்லாதது, பாலூட்டுபவர்களுக்கும் கொடுக்கலாம். கடையில் இதே மருந்தைச் சகேலி என்ற பெயரில் விற்பார்கள்.

இதை வாரத்துக்கு ஒரு முறை மட்டும் என்று கேள்விப்பட்டு அப்படியே தொடங்கிவிடும் பெண்கள் உண்டு. அது சரியில்லை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரு முறை. ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் ஞாயிறும் புதனும். நான்காம் மாதத்திலிருந்துதான் ஞாயிறு மட்டும். நாட்காட்டியில் குறித்து வையுங்கள், ஏனென்றால் தினமும் போடும் மாத்திரையைவிட இதை மறப்பது எளிது. மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்த விலக்கு வரும்வரை ஆணுறையும் பயன்படுத்துங்கள். ஏழு நாளுக்கு மேல் தவறிவிட்டால் மீண்டும் முதலிலிருந்து, வாரத்துக்கு இரு முறை என்றே தொடங்க வேண்டும்.

சினைப்பை நீர்க்கட்டி இருந்தாலோ, அண்மையில் மஞ்சள் காமாலை வந்திருந்தாலோ, கல்லீரல் கோளாறு இருந்தாலோ சாயா ஆகாது, மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் சோதித்துவிட வேண்டும். உங்களுக்கு விலக்கே ஆகவில்லை என்பதால், தொடங்கும் முன்பும் சிறுநீர்ச் சோதனை செய்வார்கள். பாலூட்டுவதால் அந்தச் சோதனை முடிவு மாறாது.

இதற்கெல்லாம் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியதில்லை. ஏற்காடு அரசு மருத்துவமனையில் அந்தச் சீட்டோடு போய்க் காட்டுங்கள். தொடங்கிய பின், உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவைத்தால், குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் நாளிலேயே அடுத்த அட்டையையும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வேலைக்குப் போகும் முதல் நாளுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.