முதல் வேலை, சம்பளம் 24,000. அம்மா சீட்டுல சேருங்கறாங்க, ஆபீஸ்ல எஸ்ஐபி போடுங்கறாங்க, எதுங்க சரி?

திருப்பூர்_புதுசு:
வணக்கங்க. எக்ஸ்போர்ட் ஆபீஸ் ஒண்ணுல மெர்ச்சண்டைசர் ட்ரெயினியா சேர்ந்து நாலு மாசம் ஆச்சு, கைக்கு வர்றது 24,000. வீட்டுக்கு 10,000 குடுத்துடறேன், பெட்ரோல், சாப்பாடு, போன் எல்லாம் போக 6,000 நிக்கணும் ஆனா 20ஆம் தேதி ஜிபேல பார்த்தா 340 ரூபாதான் இருக்குது. எங்க லைன் வீட்டு அக்கா ஒரு லட்ச ரூபா ஏலச் சீட்டு ஆரம்பிக்கறாங்க, 20 பேர் 20 மாசம், மாசம் 5,000. அம்மா அதுல சேருங்கறாங்க. டீம்ல இருக்கற அண்ணா சீட்டெல்லாம் பழைய காலம், எஸ்ஐபி போடுங்கறார், அதான் மாசாமாசம் ஒரு தொகைய மியூச்சுவல் ஃபண்ட்ல போடறது. கார்டுல போன் வாங்குனது 18,000 பாக்கி இருக்கு, மாசாமாசம் மினிமம் கரெக்டா கட்டிடறேன், அதுல பிரச்சனை இல்ல.

சீட்டு_மாமா:
தம்பி, அம்மா சொல்றத கேளு. நான் முப்பது வருசமா சீட்டு கட்டறேன், பொண்ணு காலேஜ் ஃபீஸ், மாடிக்கு கான்க்ரீட் போட்டது எல்லாம் சீட்டுக் காசுதான். பேங்க்ல போய் நின்னா சேலரி ஸ்லிப் கொண்டா, ஆறு மாச ஸ்டேட்மெண்ட் கொண்டாம்பான், சீட்டுல தள்ளிக் கேட்டு, அதாவது மொத்தத்துல இவ்வளவு விட்டுக் குடுக்கறேன்னு ஏலம் கேட்டு எடுத்தா ரெண்டு நாள்ல காசு கையில. அதுவும் இல்லாம ஒண்ணாந்தேதி அக்கா வாசல்ல வந்து நிப்பாங்க, அந்த வெக்கத்துக்காவது எடுத்து வைப்ப. எஸ்ஐபிய ஆப்ல ஒரு தட்டு தட்டி நிறுத்திடலாம். அக்காவ நிறுத்த முடியுமா?

எக்ஸெல்_அம்மிணி:
மாமா, வெக்கம் பாயிண்ட் நியாயம்தான், கணக்கையும் கொஞ்சம் பாக்கலாமுங்களா. முதல் மாசம் ஒருத்தர் 30,000 தள்ளி எடுக்கறார்னு வைங்க. அவர் கைக்கு 70,000. அந்த 30,000ல அக்கா கமிஷன் 5,000 போக 25,000ஐ 20 பேருக்கும் பிரிச்சா ஆளுக்கு 1,250 கழிவு, அதனால அந்த மாசம் எல்லாரும் 3,750 கட்டுனா போதும். போகப்போக தள்ளு குறையும், கடைசில கழிவே இருக்காது. சராசரி கழிவு 600ன்னு போட்டா ஒவ்வொருத்தரும் மொத்தமா கட்டறது 88,000. கடைசி ஆளுக்கு கமிஷன் போக 95,000. லாபம் 7,000, வருசத்துக்கு ஒன்பது பத்து பர்சென்ட் வரும். முதல்ல எடுத்தவர் 70,000 வாங்கிட்டு 88,000 கட்டறார், எக்ஸெல்ல போட்டு பார்த்தேன், மாசம் ரெண்டரை வட்டி. அதாவது சீட்டுல ஒருத்தர் சேமிக்கறார்னா எதிர்ல ஒருத்தர் கந்துவட்டி மாதிரி கட்டிட்டு இருக்கார்னு அர்த்தம். தம்பி நீங்க இதுல எந்தப் பக்கம் உக்காரப் போறீங்க?

சீட்டு_மாமா:
ரெண்டரை வட்டி பெருசுன்னா தண்டல்காரர்கிட்ட கேட்டு பாரும்மா என்ன சொல்றார்னு. நீயே சொல்லிட்ட கடைசி ஆளுக்கு பத்து பர்சென்ட், எந்த பேங்க் குடுக்குது?

ரிட்டயர்டு_தபால்:
மாசாமாசம் கட்டற ஆர்டி டெபாசிட்ல 6.7 பர்சென்ட் வட்டின்னு வைங்க. அதே 88,000ஐ 20 மாசத்துல கட்டிட்டு வந்தா வட்டி சுமாரா 4,900 நிக்கும், சீட்டுல 7,000. வித்தியாசம் ரெண்டாயிரத்து சொச்சம். அந்த ரெண்டாயிரத்துக்காக 19 பேர் ஒழுங்கா கட்டணும், அக்கா வீட்டுல யாருக்கும் ஆஸ்பத்திரிச் செலவு வரக்கூடாது, ஊரை விட்டுப் போகக்கூடாதுன்னு 20 மாசம் சாமி கும்பிடணும். எங்க தெருவுலயே நடந்துச்சுங்க, 14ஆவது மாசம் வீடு பூட்டிக் கிடந்தது. போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போனா காட்டறதுக்கு ஒரு ரூல்டு நோட்டும் அதுல பச்சை மையில டிக்கும்தான் இருந்துச்சு. 1982 சிட் ஃபண்ட் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுப்படி சீட்டை பதிவு பண்ணணும், நடத்தறவங்க சீட்டுத் தொகைக்கு ஈடா செக்யூரிட்டி கட்டணும். லைன் வீட்டு அக்கா கட்டியிருப்பாங்களா?

பாலக்காட்டு_எல்லை:
பதிவு பண்ண சீட்டுல சேர்ந்தா என்ன கெட்டுப் போச்சு. கேரளாவுல அரசாங்கமே கேஎஸ்எஃப்இ-ன்னு ஒரு கம்பெனி வெச்சு 1969ல இருந்து சீட்டு நடத்துது. சீட்டுன்னாலே மோசடிங்கற மாதிரி பேசாதீங்க.

ரிட்டயர்டு_தபால்:
பதிவுச் சீட்டை நான் குறை சொல்லலியே, அவர் கேட்டது அக்கா சீட்டு.

எஸ்ஐபி_சிங்கம்:
ப்ரோ ஏன் இவ்ளோ டிஸ்கஷன். 5,000ஐ இண்டெக்ஸ் ஃபண்ட்ல போடு, அதான் நிஃப்டி மாதிரி ஷேர் மார்க்கெட் குறியீட்டை அப்படியே ஃபாலோ பண்ற ஃபண்ட். ஏஜெண்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் ப்ளான், மறந்துடு, 15 வருசம் கழிச்சு பாரு.

சீட்டு_மாமா:
மறந்துடறதா? என் அக்கா பையன் அப்படித்தான் போட்டான். 2020 ஜனவரில நிஃப்டி 12,400 கிட்ட, மார்ச் 23 அன்னிக்கு 7,610. ராத்திரி பூரா தூங்காம காலைல எல்லாத்தையும் வித்துட்டான்.

எஸ்ஐபி_சிங்கம்:
அதே வருசம் நவம்பர்ல 13,000 தாண்டுச்சே மாமா, அதையும் சொல்லுங்க. விக்காம இருந்திருந்தா?

சீட்டு_மாமா:
விக்காம இருக்கறதுக்கு அவன் கையில வேற காசு வேணுமில்ல. வேலை போயிருந்துச்சு அப்ப.

எக்ஸெல்_அம்மிணி:
இந்த ஒரு விசயத்துல மாமா பக்கம்தான் நான். கையில மூணு மாச செலவுக்கு காசு இல்லாம எஸ்ஐபி போடறவங்க சரியா இறங்கும்போதுதான் விப்பாங்க.
ஆனா நீங்க எல்லாரும் ஒண்ண விட்டுட்டீங்க, தம்பி போகிற போக்குல சொன்னாரே "மினிமம் கட்டிடறேன் பிரச்சனை இல்ல"ன்னு. தம்பி, உங்க ஸ்டேட்மெண்ட எடுங்க. 18,000க்கு மினிமம் 5 பர்சென்ட் 900. கார்டு வட்டி மாசம் மூணரைன்னா 630, அதுமேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி 113. ஆக நீங்க கட்டற 900ல 743 அப்படியே போகுது, அசல்ல கழியறது 157 ரூபா. அதோட பாக்கி வெச்சுட்டு அதே கார்டுல புதுசா பெட்ரோல் போட்டாலும் முதல் நாள்ல இருந்தே வட்டி ஓடும். பத்து பர்சென்ட் சீட்டா, பன்னெண்டு பர்சென்ட் ஃபண்டான்னு இங்க அடிச்சுக்கறோம், அங்க நாப்பது பர்சென்ட்ல ஓட்டை.

சீட்டு_மாமா:
அட அப்ப ரொம்ப ஈஸி. முதல் சீட்டையே தள்ளி எடுத்து கார்டை அடைச்சுடு. உன் கணக்குப்படியே ரெண்டரை வட்டி மூணரைய விட குறைச்சல்தானே அம்மிணி?

எக்ஸெல்_அம்மிணி:
கணக்கு சரிதான் மாமா, ஆனா 18,000 அடைக்க எதுக்கு 70,000 கடன்? மீதி 52,000 கையில இருந்தா 24,000 சம்பளக்கார பையன் என்ன பண்ணுவான்னு உங்களுக்கும் தெரியும்.

எஸ்ஐபி_சிங்கம்:
பைக்குக்கு டவுன் பேமெண்ட் 😂

ரிட்டயர்டு_தபால்:
கார்டு கம்பெனிக்கு போன் பண்ணி பாக்கிய இஎம்ஐயா மாத்தச் சொல்லுங்க தம்பி, வட்டி நல்லா குறையும். ப்ராசஸிங் ஃபீஸ் எவ்வளவுன்னு முன்னாடியே கேட்டுக்கங்க. அது முடியற வரைக்கும் கார்டு அம்மா பீரோவுல இருக்கட்டும்.

திருப்பூர்_புதுசு:
எல்லாருக்கும் நன்றிங்க. ஸ்டேட்மெண்ட எடுத்துப் பார்த்தேன், நாலு மாசத்துல 3,600 கட்டியிருக்கேன், பாக்கி 650 ரூபா கூட குறையல. சாப்பிட உக்காந்து எந்திரிச்சுட்டேன்.
அக்காகிட்ட பதிவு பண்ணிருக்கீங்களான்னு கேட்டேன். "ஏன் கண்ணு, என்னைய நம்பலயா"ன்னு டீ குடுத்தாங்க, மேல கேக்க முடியல. அம்மா வாக்கு குடுத்துட்டாங்க அதனால அம்மாவும் சித்தியும் சேர்ந்து ஆளுக்கு அரைச் சீட்டா ஒண்ணு எடுத்திருக்காங்க, அம்மா பங்கு 2,500 நான் குடுக்கணும். மீதி 3,500 கார்டுக்கு, ஆறு மாசத்துல முடிஞ்சுடும்னு நினைக்கறேன்.

எக்ஸெல்_அம்மிணி:
2,500ஐயும் கார்டுல போட்டா இன்னும் சீக்கிரம் முடியும், வாக்குன்னு சொல்லிட்டீங்க சரி. சம்பளம் வந்த அன்னிக்கே 3,500ஐ கட்டிடுங்க, 20ஆம் தேதிக்கு விடாதீங்க.

சீட்டு_மாமா:
அரைச் சீட்டு எடுத்தாச்சா? நல்லது. கடைசி வரைக்கும் எடுக்காதன்னு அம்மாகிட்ட சொல்லு தம்பி. ஆடி மாசம் தள்ளு கம்மியா இருக்கும்னு சொல்லுவாங்க, அப்பவும் எடுக்காத.