கிடா எடுத்து வைத்த ஓர் அடி: நெடுந்தூர வேட்டை அனுபவங்கள்

தென்தீவுக்காரன்:
நியூசிலாந்து, மவுண்ட் குக் பக்கம், ஜூன் மாதம், இமாலய வரையாடு. (ஊரில் சொன்னால் "வரையாட்டையா சுடுகிறாய்?" என்று சண்டைக்கு வருகிறார்கள். நம் நீலகிரி வரையாடு வேறு. இது 1904-இல் இங்கே கொண்டுவந்து விட்ட இனம். 10,000-க்கு மேல் பெருக விடக் கூடாது என்று 1993-லேயே அரசு திட்டம் போட்டுவிட்டது.) எதிர்ச்சரிவில் பிடரி மயிர் புரள ஒரு கிடா. லேசர் தூரமானியில் 510 மீட்டர். கூட வந்தவரிடம் 6.5 கிரீட்மூர் (ஒரு தோட்டா வகை) துப்பாக்கி, முதுகுப்பையின் மேல் ஆடாமல் கிடந்தது, காற்றும் அடங்கியிருந்தது. விசையை அழுத்தினார். நான் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சத்தம் கேட்டாகிவிட்டது, தோட்டா இன்னும் போய்ச் சேரவில்லை. கிடா அடுத்த புல்லுக்காக முன்னங்காலைத் தூக்கி வைக்கிறது. தோளுக்குப் பின்னால் பட வேண்டியது வயிற்றில் பட்டது. முதுகை வளைத்துக்கொண்டு பாறை விளிம்புக்கு அப்பால் இறங்கிவிட்டது. ஓடையைக் கடந்து ஏறிப் போனால் கல்லில் ரத்தம் மட்டும் இருந்தது.

மேக்னம்பிரியன்:
510-க்கு 6.5 எல்லாம் போதாது தம்பி. அதைவிட வலுவான தோட்டா, 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னம், வைத்திருந்தால் எங்கே பட்டாலும் விழுந்திருக்கும். என் கிடா 450 மீட்டரில் நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

வயோமிங்வாசி:
அண்ணா, வயிற்றில் பட்டால் எந்தக் காலிபரும் ஒன்றுதான். அந்தத் தூரத்துக்கு 6.5 எடுத்துக்கொள்வது சுமார் 0.7 விநாடி. உங்கள் மேக்னத்தில் அதிலே 0.1 விநாடிகூட மிச்சமாகாது. அதற்குள் ஆடு நகராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

இங்கே பிராங்ஹார்ன் (மான் போன்ற அமெரிக்க விலங்கு) வேட்டையில் காற்றுதான் எமன். 380 கஜத்தில் ஒரு கிடா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் பக்கம் புல் அசையவில்லை; அதன் காலடியில் புல் படுத்துக் கிடந்தது. ஸ்கோப்புக்குள் (துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கி) கானல் பக்கவாட்டில் ஓடியது. மைத்துனர் "சுடட்டுமா, சுடட்டுமா" என்று அரித்தெடுத்தார். விடவில்லை. சப்பாத்திக்கள்ளியில் முழங்கை கிழியத் தவழ்ந்து 180-க்கு வந்த பிறகுதான் சுட்டார்.

ஈரக்காலணி:
ஸ்காட்லாந்தில் என்னை அழைத்துப்போன வழிகாட்டி, செம்மானை 200 கஜத்துக்கு மேல் சுடவே விடவில்லை. அது இருக்கட்டும், கருவிக்கு வருவோம். துப்பாக்கிக்குச் செலவழிப்பதை ஸ்கோப்புக்கும் செலவழியுங்கள். மில் என்ற கோண அளவுள்ள ஸ்கோப்பில் திருகின் ஒரு சொடுக்கு, தோட்டா படும் இடத்தை 100 மீட்டரில் 1 செ.மீ., 500-இல் 5 செ.மீ. நகர்த்தும். திருகை மேலே ஏற்றி, மறுபடி பூஜ்யத்துக்கு இறக்கிச் சுட்டுப் பாருங்கள். பழைய துளைக்குப் பக்கத்தில் விழாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தூரமானி சாய்கோணத்தையும் கணக்கிட வேண்டும்: 30 பாகைச் சரிவில் 400 மீட்டர் என்றால் 346-க்குத்தான் திருக வேண்டும். சைலன்சர் மாட்டிச் சரிபார்த்த துப்பாக்கியை அதைக் கழற்றிவிட்டுச் சுடாதீர்கள், தோட்டா வேறு இடத்தில் படும். வேகத்தையும் பாருங்கள். விநாடிக்கு 550 மீட்டருக்குக் கீழே போனால் பல வேட்டைத் தோட்டாக்கள் ஒழுங்காக விரியாமல் ஊசி குத்தியதுபோல் துளைத்துவிட்டுப் போகும். இன்னொன்று, எடை...

தென்தீவுக்காரன்:
ஐயா, நான் ஸ்கோப் பற்றிக் கேட்கவே இல்லையே. அவருடைய ஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை.

மேக்னம்பிரியன்:
0.1 விநாடியோ 0.05-ஓ, மிச்சம் மிச்சம்தான்.