109-இல் நின்றுபோன உலாவி

சனிக்கிழமை

[காலை 6.52] பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். இன்று காலை முதல் என் கணினியில் எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை. எதைத் தட்டினாலும் இணைப்பு பாதுகாப்பானதன்று என்ற எச்சரிக்கையே வருகிறது. நேற்று வரை திறந்த மின்னஞ்சலுக்கும் அதே கதிதான். விண்டோஸ் 7-க்கு இனி உலாவியே கிடையாது என்று தம்பி சென்ற மாதம் சொன்னது பலித்துவிட்டது போலும்.

[காலை 6.58] சித்தப்பா: அண்ணா, 2009-இல் வெளிவந்த இயங்குதளத்தை இன்னும் கட்டிக்கொண்டு அழுதால் இப்படித்தான் ஆகும். என்னிடம் இருப்பது விண்டோஸ் 10. ஒரு நாளும் இத்தகைய தொல்லை வந்ததில்லை.

[காலை 7.20] அக்கா: அப்பா, திரையின் வலது கீழ் மூலையில் என்ன தேதி காட்டுகிறது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.

[காலை 7.24] பெரியப்பா: 2009 ஜனவரி 1 என்று காட்டுகிறது. நேற்றிரவு இடி மின்னலுக்கு அஞ்சிச் செருகியைப் பிடுங்கி வைத்திருந்தேன்.

[காலை 7.31] அக்கா: அப்படியானால் உலாவியின் மேல் பழியில்லை. தாய்ப்பலகையில் நாணய வடிவில் ஒரு சிறு பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்பது அதன் அளவுப் பெயர். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டதால், செருகியை நீங்கள் பிடுங்கியதும் கடிகாரம் தொடக்க நாளுக்குத் திரும்பிவிட்டது. ஒவ்வொரு இணையதளமும் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழில், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை அது செல்லும் என்று எழுதியிருக்கும். உங்கள் கணினியோ 2009-இல் நின்றுகொண்டு, இவை எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லையே என்கிறது. எச்சரிக்கைப் பக்கத்தில் கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்திருக்கும். சிவப்பைக் கண்டதும் நாம்தான் மேற்கொண்டு படிப்பதில்லை.

[காலை 7.34] பெரியப்பா: உண்மைதான். நான் படிக்கவில்லை.

[காலை 7.36] நான்: பெரியப்பா, பேட்டரியை வாங்கிக்கொண்டு மதியம் வருகிறேன். அதுவரை தேதியைக் கையால் திருத்திக்கொண்டால் மின்னஞ்சல் திறக்கும்.

[மதியம் 1.15] நான்: பேட்டரியை மாற்றிவிட்டேன், மின்னஞ்சல் திறக்கிறது. ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பெரியப்பாவின் மருத்துவப் பரிசோதனை முடிவுகளைக் காட்டும் இணையதளத்தில் உள்நுழைந்த பிறகு, தலைப்புப் பட்டை மட்டும் வந்து, அதற்குக் கீழே முழுவதும் வெள்ளையாக இருக்கிறது. எச்சரிக்கை ஏதும் இல்லை. குரோம் உலாவியின் பதிப்பு எண் 109.

[மதியம் 1.22] அக்கா: எஃப்12 விசையை அழுத்தி, திறக்கும் பலகத்தில் சிவப்பாக என்ன எழுதியிருக்கிறது என்று பார்.

[மதியம் 1.26] நான்: டூசார்ட்டட் என்பது ஒரு செயற்கூறு அன்று என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது.

[மதியம் 1.40] அக்கா: நல்ல சாட்சி கிடைத்தது. டூசார்ட்டட் என்பது ஒரு பட்டியலை வரிசைப்படுத்தி, மூலத்தைத் தொடாமல் புதிய பட்டியலாகத் தரும் வசதி; இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் உள்ளது. அது குரோமில் 110-ஆம் பதிப்பில்தான் வந்தது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிக் குரோம் 109. ஒரே ஒரு படியில் தவறவிட்டிருக்கிறீர்கள்! அந்தத் தளத்தை எழுதியவர் பரிசோதனைகளைத் தேதிவாரியாக அடுக்க அதைப் பயன்படுத்தியிருப்பார். அந்த வரியில் நிரல் இடறி விழுந்ததால் அதற்குப் பின் வரவேண்டிய எதுவும் வரவில்லை. இத்தகைய விடுபட்ட வசதியைத் தளத்தை எழுதுபவர் நினைத்தால் நான்கைந்து வரிகளில் ஈடுகட்டிவிடலாம். மொழியின் இலக்கணமே புதிதாக இருந்தால் அப்படி ஒட்டுப்போட முடியாது. பழைய உலாவி அந்தக் கோப்பைப் படிக்கவே மறுத்துவிடும்.

[மதியம் 1.52] சித்தப்பா: இதற்கு எளிய வழி இருக்கிறது. என் கணினியில் உள்ள புதிய குரோமின் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் கொண்டுவந்து அண்ணாவின் கணினியில் ஒட்டினால் போயிற்று.

[மதியம் 2.05] அக்கா: ஒட்டலாம், சித்தப்பா, ஓடாது. உலாவி தனியாக எதையும் செய்வதில்லை. நினைவகம் கேட்பது, கோப்பைத் திறப்பது, எழுத்தை வரைவது, கணிக்க இயலாத எண்ணைப் பெறுவது என ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்தில் உள்ள செயற்கூறுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறது, அழைத்த பெயரில் ஆள் இல்லையென்றால் நிரல் தொடங்கும்போதே நின்றுவிடுகிறது. அப்பா, படங்களின் அளவைக் குறைக்கும் ஒரு சிறு நிரலை நீங்கள் இறக்கியபோது வந்த பிழைச் செய்தி நினைவிருக்கிறதா?

[மதியம் 2.11] பெரியப்பா: குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பிராசஸ்பிஆர்என்ஜி என்ற நுழைவிடத்தைக் கண்டறிய இயலவில்லை என்று வந்தது. அன்று அது எனக்கு மந்திரம் போலிருந்தது.

[மதியம் 2.24] அக்கா: அதேதான். தற்போக்கு எண்களைத் தரும் அந்தச் செயற்கூறு விண்டோஸ் 7-இல் இல்லை. அந்த நிரல் ரஸ்ட் என்ற மொழியில் எழுதப்பட்டது. 2024 மே மாதம் வந்த ரஸ்ட் 1.78, விண்டோஸ் 10-க்குக் கீழே உள்ளவற்றைக் கைவிட்டது. அதன்பின் அதைக் கொண்டு வழக்கமான முறையில் கட்டப்படும் நிரல்கள் எல்லாம் அந்தச் செயற்கூறை எதிர்பார்க்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் பல பகுதிகளும் ரஸ்ட்டில் எழுதப்பட்டவையே. உலாவி நிறுவனங்கள் வேண்டுமென்றே பழைய கணினிகளைத் துரத்துகின்றன என்று அப்பா கோபப்படுகிறார். அதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் காலடியில் இருக்கும் கருவிகள் ஒவ்வொன்றாக விலகும்போது, பழையதைத் தாங்கிப் பிடிக்கத் தனியாக ஆட்களை அமர்த்த வேண்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவை 2020 ஜனவரி 14 அன்றும், கட்டணம் செலுத்திய நிறுவனங்களுக்கான நீட்டிப்பை 2023 ஜனவரி 10 அன்றும் முடித்தது. அடுத்த மாதமே குரோம் 110 வந்து கதவைச் சாத்திவிட்டது.

[மதியம் 2.31] பெரியப்பா: பழைய படச்சுருள்களை எண்ணிமப்படுத்தும் ஸ்கேனருக்கு விண்டோஸ் 7-க்குப் பிறகு அதை ஓட்டும் இயக்கி மென்பொருளே வெளிவரவில்லை. என்னிடம் இன்னும் நானூறு சட்டகங்கள் மீதமிருக்கின்றன. ஆகவே இந்தக் கணினியைத் தூக்கி எறியச் சொல்பவர்கள் அந்தச் சட்டகங்களுக்கும் ஒரு வழி சொல்லிவிட்டுப் பேசட்டும்.

[மதியம் 2.45] அக்கா: எறிய வேண்டாம், அப்பா. தம்பி, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் தளத்திலிருந்தே ஃபயர்ஃபாக்ஸ் 115-இன் நீட்டித்த ஆதரவுப் பதிப்பை, அதாவது இஎஸ்ஆர் என்று போட்டிருப்பதை இறக்கு. வேறு எந்தப் பதிவிறக்கத் தளத்துக்கும் போகாதே. 2023 ஜூலையில் வந்த அதுதான் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றில் ஓடும் கடைசி ஃபயர்ஃபாக்ஸ். அதன் முடிவு நாளை மொசில்லா ஒரு முறைக்கு மேல் தள்ளிவைத்திருக்கிறது. டூசார்ட்டட் ஃபயர்ஃபாக்ஸில் வந்ததும் சரியாக 115-இல்தான்.

[மதியம் 3.10] நான்: திறந்துவிட்டது! இரத்தச் சர்க்கரை அளவு முதல் அனைத்தும் தேதிவாரியாக வரிசையில் நிற்கின்றன. பெரியப்பா அதை அச்சிட்டுக்கொண்டிருக்கிறார்.

[மதியம் 3.18] அக்கா: மகிழ்ச்சி. ஆனால் இது எல்லாத் தளங்களுக்கும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸின் 121-ஆம் பதிப்பில் வந்த சில வசதிகளைக் கேட்கும் பக்கங்கள் இதிலும் வெள்ளையாகவே நிற்கும்.

[மாலை 4.02] அத்தை: என் சந்தேகத்தையும் தீர்த்துவை. என்னிடம் இருப்பது 2010-ஆம் ஆண்டின் மேக்புக் புரோ; அதில் ஓஎஸ் எக்ஸ் 10.11 என்ற இயங்குதளம் இருக்கிறது. சஃபாரி உலாவியில் பல தளங்கள் சான்றிதழ் பிழை காட்டுகின்றன. ஆனால் அதே கணினியில், அதே தளங்கள் ஃபயர்ஃபாக்ஸில் திறக்கின்றன. கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

[மாலை 4.20] அக்கா: அத்தை, சஃபாரி எந்தச் சான்றிதழை நம்பலாம் என்று இயங்குதளத்தைக் கேட்கிறது, ஃபயர்ஃபாக்ஸோ தன் நம்பிக்கைப் பட்டியலைத் தானே சுமந்து வருகிறது. பல தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் சான்றிதழ்கள் நெடுங்காலம் வேறொரு பழைய மூலச் சான்றிதழின், அதாவது மற்றச் சான்றிதழ்களுக்குச் சாட்சி நிற்கும் அடிப்படைச் சான்றிதழின், துணையோடு நின்றன. அந்தப் பழைய மூலம் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதிய மூலம் உங்கள் 10.11-இன் பட்டியலில் இல்லை. உங்களிடம் உள்ள ஃபயர்ஃபாக்ஸ் 78-ஆகத்தான் இருக்க வேண்டும், 10.11-இல் ஓடும் கடைசிப் பதிப்பு அது. அதற்கும் 2021-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது.

[மாலை 4.26] அத்தை: ஆம், 78 என்றுதான் இருக்கிறது. விளம்பரத் தடுப்பான் சென்ற ஆண்டு திடீரென்று செயலிழந்ததும் இதனால்தானா?

[மாலை 4.33] அக்கா: அதுவும் ஒரு மூலச் சான்றிதழ்தான், ஆனால் வேறொன்று. விளம்பரத் தடுப்பான் போன்ற நீட்சிகள் மெய்யானவையா என்று சரிபார்க்க மொசில்லா பயன்படுத்திய சான்றிதழ் 2025 மார்ச் 14 அன்று காலாவதியானது. 128-ஆம் பதிப்புக்கோ 115.13 இஎஸ்ஆருக்கோ மாறாதவர்களின் நீட்சிகள் பாதிக்கப்பட்டன. உங்களுக்கு எளிய வழி உண்டு. அந்த மேக்புக் அதிகாரப்பூர்வமாகவே 10.13 வரை ஏற்கும். கோப்புகளைப் படியெடுத்து வைத்துவிட்டு அதற்கு உயர்த்துங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 115 அதில் ஓடும்.

[மாலை 4.50] சித்தப்பா: என் நண்பர் ஒருவர் விண்டோஸ் 7-இலேயே ஏறத்தாழப் புதிய குரோமைப் போன்ற ஒன்றை ஓட்டுகிறார். சூப்பர்மியம் என்று பெயர் சொன்னார். நம் அண்ணாவுக்கு அது ஆகாதா?

[மாலை 5.15] அக்கா: நல்ல கேள்வி, சித்தப்பா. குரோமுக்கு அடிப்படையான திறந்த உலாவியான குரோமியத்தின் மூல நிரலை எடுத்து, பழைய விண்டோஸில் இல்லாத செயற்கூறுகளுக்கு மாற்றாகத் தாங்களே எழுதிச் சேர்த்து, எக்ஸ்பி வரை ஓடும்படி செய்திருக்கிறார்கள். அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். பெரிய நிறுவனம் முடியாது என்று விட்டதை விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் உலாவி என்பது நாம் தட்டும் ஒவ்வொரு கடவுச்சொல்லையும் பார்க்கும் நிரல். குரோமியத்தில் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டால், அந்தத் திருத்தம் இவர்களின் பதிப்புக்கு வந்துசேரச் சில நாட்கள் பிடிக்கும். அந்தச் சில நாட்களுக்குள் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது ஊரறிந்த செய்தியாகிவிடும். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற வடிவிலுள்ள படங்களைப் பிரித்துக் காட்டும் நிரல் நூலகத்தில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. தீங்காகச் செய்யப்பட்ட ஒரு படம் திரைக்கு வந்தாலே போதும். எதையும் தட்ட வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லா உலாவிகளும் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டன. வேடிக்கைக்கும் வாசிப்புக்கும் சூப்பர்மியத்தை வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்குக்கு நான் என் அப்பாவை அனுமதிக்க மாட்டேன்.

[மாலை 5.21] பெரியப்பா: அப்படியானால் ஃபயர்ஃபாக்ஸ் 115-இல் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா?

[மாலை 5.34] அக்கா: அதிலும் வேண்டாம், அப்பா. உலாவி புதிதாக இருந்தாலும் அது நிற்கும் தரை பழையது. 2017 மே மாதம் வானாகிரை என்ற தீநிரல் பரவியபோது அது உலாவி வழியாக வரவில்லை. கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்குத் தானாகவே தாவியது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை அதே ஆண்டு மார்ச்சிலேயே தந்திருந்தது. இப்போது அத்தகைய ஓட்டை வந்தால் உங்கள் கணினிக்குத் திருத்தம் தருவதற்கு ஆளில்லை. தம்பி, செயலி 64 பிட் வகையா, பழைய 32 பிட் வகையா என்று பார். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தாலும் செயலி 64 ஆக இருக்கக்கூடும்.

[மாலை 5.47] நான்: விண்டோஸ் 32 பிட், செயலி 64 பிட். நினைவகம் 4 ஜிபி.

[மாலை 5.58] அக்கா: அப்படியானால் தப்பித்தோம். விண்டோஸுக்கு மாற்றாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைக்கலாம். அதன் 32 பிட் வகைக்குக் குரோம் 2016-லேயே நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. 64 பிட் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த வகையைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே தொடங்கிப் பார். ஸ்கேனரையும் செருகிப் பார். உற்பத்தியாளர்கள் கைவிட்ட பழைய ஸ்கேனர்களைச் சேன் என்ற திறந்த மென்பொருள் பல நேரங்களில் அடையாளம் கண்டுகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை

[காலை 11.05] நான்: லினக்ஸ் தொடங்கியது. இன்றைய ஃபயர்ஃபாக்ஸ் ஓடுகிறது. நான்கு தாவல்களுக்கு மேல் திறந்தால் மூச்சு வாங்குகிறது. ஸ்கேனரை அடையாளம் கண்டு ஒரு காகிதத்தை நன்றாகவே எடுத்தது. ஆனால் மூடியில் உள்ள விளக்கு எரியவில்லை. ஆகவே படச்சுருளை வைத்தால் கறுப்பாகவே வருகிறது.

[காலை 11.12] பெரியப்பா: ஆக, சட்டகங்களுக்கு விண்டோஸ் 7-தான் வேண்டும். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் லினக்ஸ். நான் இணையக் கம்பியை உருவி வைத்துவிட்டு விண்டோஸில் நுழைகிறேன். எடுத்த படங்களை லினக்ஸில் வந்து அனுப்புகிறேன். இரண்டாவது வன்தட்டில் லினக்ஸை நிறுவச் சொல்லியிருக்கிறேன். முதல் தட்டை இன்று காலையே படியெடுத்துவிட்டோம்.

[காலை 11.20] அக்கா: மிகச் சரி, அப்பா. சித்தப்பா, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதை இந்தச் சமயத்தில் நினைவூட்டுகிறேன். உலாவிகள் இன்னும் அதில் புதுப்பிக்கப்படுகின்றன. எட்ஜ் உலாவியை 2028 அக்டோபர் வரையிலாவது தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இயங்குதளத்துக்குத் திருத்தங்கள் வேண்டுமானால் நீட்டிப்புத் திட்டத்தில் நீங்களாகப் பதிவுசெய்ய வேண்டும். பதிவுசெய்துவிட்டீர்களா?

[காலை 11.48] சித்தப்பா: இல்லை. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்று இப்போதுதான் சோதித்துப் பார்த்தேன். என் செயலி பட்டியலில் இல்லையாம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்றும் சொல்கிறது.

[காலை 11.49] பெரியப்பா: தம்பி, உன் கணினியில் ஸ்கேனர் ஏதும் மாட்டியிருக்கிறதா?

[காலை 11.51] சித்தப்பா: இல்லை, அண்ணா. அந்தப் பென் டிரைவை அழித்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மாலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.