அமெரிக்க லத்தீனோ வாசகர்களுக்கான பதிவு, வசனவரி, விளம்பரம்: மனதை விட்டு அகலாத ஒரு சறுக்கல் – அனுபவப் பகிர்வு

மளிகைச்சீட்டு:
நியூயார்க் பிராங்ஸில் ஒரு மளிகைக் கடையின் முகநூல் பதிவு. டப்பா ராஜ்மாவுக்கு வாரச் சலுகை. ஸ்பானியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ராஜ்மாவுக்கு 'ஃப்ரிஹோலெஸ்' என்று போட்டிருந்தது. முதல் மறுமொழியில் ஒரே ஒரு சொல்: 'அபிச்சுவேலாஸ்.' சாயங்காலத்துக்குள் அந்த ஒற்றைச் சொல்லுக்கு விழுந்த விருப்பக்குறி, பதிவுக்கு விழுந்ததைவிட அதிகம்.

காரணம் எளிது. மெக்சிகோக்காரரும் கியூபாக்காரரும் ஃப்ரிஹோலெஸ் என்பார்கள். புவெர்த்தோ ரிக்கோவிலும் டொமினிக்கன் குடியரசிலும் அது அபிச்சுவேலாஸ். வெனிசுவேலாவில் கரவோத்தாஸ், அர்ஜென்டினா, சிலியில் பொரோத்தோஸ். பிராங்ஸில் டொமினிக்கன், புவெர்த்தோ ரிக்கோ குடும்பங்கள்தான் அதிகம். ஃப்ரிஹோலெஸ் அவர்களுக்குப் புரியாத சொல் இல்லை. ஆனால் 'இந்தக் கடை நம்மை நினைத்து எழுதவில்லை' என்பதும் சேர்ந்தே புரிந்துவிடுகிறது.

2020 மக்கள்தொகைக் கணக்கில் அமெரிக்காவில் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், 6.21 கோடி, 18.7 சதவீதம். இத்தனை பேரையும் ஒரே மொழிபெயர்ப்பில் அடக்கப் பார்ப்பதுதான் முதல் தப்பு. உங்கள் முகநூல் பக்கத்தின் புள்ளிவிவரத்தில் ஊர்வாரிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ், ஹூஸ்டன், சிகாகோ என்றால் மெக்சிகோ வழக்கு. மயாமி என்றால் கியூபா. ஆர்லாண்டோ என்றால் புவெர்த்தோ ரிக்கோ. வாஷிங்டனைச் சுற்றி எல் சால்வடோர். வினைச்சொல், வாக்கிய அமைப்பு எல்லாம் பெரும்பாலும் பொது. உணவு, வண்டி, துணிமணி, குழந்தைச் சாமான் ஆகிய பெயர்ச்சொற்களை மட்டும் தனியே எடுத்து, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டினால் போதும். வினைச்சொல்லில் ஒன்றே ஒன்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்: 'கொஹேர்'. கியூபாவில் பேருந்தைப் 'பிடி' என்பதற்கு அதுதான் சாதாரணச் சொல். மெக்சிகோவில் அது கொச்சை.

வசனவரிக்காரி:
ஒரு பள்ளியின் 25-ஆம் ஆண்டு விழாக் காணொளி. வசனவரியில் 'ஆண்டுகள்' என்ற சொல்லில் இருக்க வேண்டிய டில்டே, அதாவது ஆங்கில 'என்' எழுத்தின் தலைமேல் வரும் வளைகோடு, காணாமல் போயிருந்தது. டில்டேயோடு எழுதினால் ஆண்டு. இல்லாவிட்டால் ஆசனவாய். நம் பள்ளி பல்லியானால் சிரித்துவிட்டுப் போகலாம், இது அப்படிப் போகவில்லை. காணொளியை நீக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் யாரோ திரையைப் படமெடுத்துப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். நீக்கிய பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது அந்தப் படம்தான்.

டில்டே தொலையும் இடங்கள் மூன்று.

முதலாவது, கோப்பின் குறிமுறை, அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. எஸ்ஆர்டி எனும் வசனவரிக் கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். பழைய விண்டோஸ் குறிமுறையில் சேமித்ததை யூடிஎஃப்-8 என்று திறந்தால் அந்த எழுத்து இருக்கும் இடத்தில் கறுப்புச் சாய்சதுரக் கேள்விக்குறி வரும். தலைகீழாக நடந்தால் ஒரே எழுத்து இரண்டு குப்பை எழுத்தாக வரும். எது வருகிறது என்று பார்த்தாலே தப்பு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, எழுத்துரு. காணொளியிலேயே பதித்துவிடும் வசனவரிக்கு அலங்கார எழுத்துரு போடுகிறார்கள். பலவற்றில் டில்டே எழுத்தே கிடையாது. அந்த இடம் கட்டமாகத் தெரியும், உடனே பதிப்பாளர் டில்டே இல்லாத வெறும் 'என்' எழுத்தைத் தட்டி நிரப்பிவிடுவார். அந்தப் பள்ளிக் காணொளியில் நடந்தது இதுதான். வேலை தொடங்கும் முன்பே ஒரு சோதனை வரி தட்டிப் பாருங்கள்: சாய்கோடு போட்ட ஐந்து உயிரெழுத்துகள், இரட்டைப்புள்ளி யு, டில்டே போட்ட 'என்', தலைகீழ்க் கேள்விக்குறி, தலைகீழ் வியப்புக்குறி. ஒன்பதில் ஒன்று விடுபட்டாலும் அந்த எழுத்துரு வேண்டாம்.

மூன்றாவது, விசைப்பலகை. விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்து எண்தட்டில் 164. மேக்கில் ஆப்ஷன் விசையோடு 'என்', பிறகு மறுபடி 'என்'. இது தெரியாததால்தான் பாதிப் பேர் 'அப்புறம் திருத்திக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறார்கள்.

கோப்பின் பெயரிலேயே அந்த எழுத்து இருந்தால் இன்னொரு வம்பு. யூனிகோடில் அதை ஒரே குறியாகவும் எழுதலாம், 'என்' எழுத்தும் வளைகோடும் தனித்தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு. ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீரும்.

சான்அன்டோனியோ_வாசி:
மேலே இருவரும் சொன்னது சரிதான். ஆனால் இருவருமே லத்தீனோ என்றால் ஸ்பானியம் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறீர்கள். அமெரிக்க லத்தீனோக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். ஒரு கல்லூரி உதவித்தொகை விளம்பரத்துக்கு ஒரு பெண் ஆங்கிலத்தில் போட்ட மறுமொழி: "இதை என் அம்மாவுக்கு அனுப்புங்கள். விண்ணப்பிக்கப் போவது நான், என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்." விளம்பரம் முழுக்க முழுக்க ஸ்பானியத்தில் இருந்தது.

இந்தப் பிளவு இன்று நேற்று வந்ததில்லை. 2005 டிசம்பரில் கடுமையான குடியேற்ற மசோதா ஒன்று அமெரிக்கக் கீழவையில் நிறைவேறியது. அதை எதிர்த்து 2006 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தபோது, சேதியைக் கடத்தியவை அன்றைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸும் குறுஞ்செய்தியும். அவர்களுடைய பெற்றோரைத் தெருவுக்கு அழைத்து வந்தது ஸ்பானிய வானொலி. ஒரே வீடு, ஒரே போராட்டம், சேதி மட்டும் இரண்டு வழியாக வந்தது. வலைப்பதிவுக் காலத்திலும் அப்படித்தான். 2009-இல் ஆனா ஃபுளோரெஸும் ரோக்சானா சோத்தோவும் தொடங்கிய ஸ்பாங்கிலிஷ்பேபி, இருமொழியில் பிள்ளை வளர்ப்பதைப் பற்றிய தளம். பெயரிலேயே இரண்டு மொழியும் கலந்திருக்கிறது.

அந்த வலைப்பதிவர்களும் ட்வீட்டர்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013 மே போதும். வரவிருந்த படம் ஒன்றுக்காக 'தியா தெ லோஸ் முவெர்த்தோஸ்', அதாவது இறந்தோர் நாள், என்ற பெயருக்கே டிஸ்னி வணிகக்குறி கேட்டு மே 1-ஆம் தேதி விண்ணப்பித்தது. செத்துப்போன தாத்தா பாட்டிக்குப் படையல் வைக்கும் நாளின் பெயர் அது. கார்ட்டூனிஸ்ட் லாலோ அல்கராஸ் எலும்புக்கூட்டு எலி ஒன்றை வரைந்து 'முவெர்த்தோ மவுஸ்' என்று பெயர் வைத்தார். படம் பரவியது, இணைய மனுவில் கையெழுத்துகள் குவிந்தன. மே 7-ஆம் தேதி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் படத்துக்கே பின்னாளில் அல்கராஸை ஆலோசகராக அழைத்தார்கள். கோபம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது, அதை மறக்க வேண்டாம்.

கடல்தாண்டி:
சான்அன்டோனியோ அண்ணா, புவெர்த்தோ ரிக்கோவை விட்டுவிட்டீர்களே. அது அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட தீவு, அங்குள்ளவர்களும் அமெரிக்கக் குடிமக்கள்தான். 2019 ஜூலை 13-ஆம் தேதி அங்குள்ள புலனாய்வு இதழியல் மையம், ஆளுநர் ரிக்கார்தோ ரோசெயோவும் அவருடைய ஆட்களும் டெலிகிராமில் பேசிக்கொண்ட 889 பக்கங்களை வெளியிட்டது. பெண்களையும் ஒருபால் ஈர்ப்பாளர்களையும் இழிவுபடுத்தும் பேச்சு, 2017-இல் தீவைத் தாக்கிய மரியா புயலில் மாண்டவர்களை வைத்துக் கேலி. மக்கள் பக்கம் பக்கமாகப் படித்துப் படமெடுத்துப் போட்டார்கள். 'ரிக்கி ரெனுன்சியா', ரிக்கி, பதவி விலகு. ஹேஷ்டேக் ஸ்பானியத்தில்தான் இருந்தது. ஜூலை 24 இரவு ஆளுநர் விலகலை அறிவித்ததும் முகநூல் காணொளியில்தான். அந்த நள்ளிரவுக் காணொளியை மறக்கவே முடியாது. ஆகவே 'இளைஞர் என்றால் ஆங்கிலம்' என்பதையும் பொதுவிதியாக்க முடியாது.

மரகதம்:
வாட்ஸ்அப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே! பியூ ஆய்வு மையத்தின் 2021 கணக்குப்படி அமெரிக்க லத்தீனோ பெரியவர்களில் 46 சதவீதம் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். வெள்ளையரில் 16 சதவீதம்தான்.

கோவிட் தடுப்பூசிக் காலத்தில் வதந்தியாக வந்த ஒரு குரல்பதிவு: அத்தை குரலில், அவசரமே இல்லாமல், 'மகளே, கேள்' என்று தொடங்கும். அதற்கு மறுப்பாக ஒரு சுகாதார அமைப்பு நான்கு பக்கக் கோப்பு அனுப்பியது. நான்கு பக்கத்தை யார் முன்னனுப்புவார்கள்? மறுப்பும் குரலாகத்தான் போக வேண்டும். ஒரு நிமிடத்துக்குள், உண்மையை முதல் வாக்கியத்தில் வைத்து, வதந்தியை அப்படியே திருப்பிச் சொல்லாமல். ஐந்து கை மாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி வரும், அதை ஒரு தடவைக்கு ஒரே அரட்டைக்குத்தான் முன்னனுப்ப முடியும். ஆகவே ஒரே மறுப்பு ஊரெல்லாம் சுற்றும் என்று நம்ப வேண்டாம். தேவாலயக் குழு, பள்ளிக் குழு, வேலையிடக் குழு என்று ஒவ்வொன்றிலும் ஒருவரிடம் நேரடியாகக் கொடுங்கள். சந்தேகமான செய்தியை 2022-இல் தொடங்கிய ஃபாக்ட்செக்கேயாதோ என்ற உண்மைச் சரிபார்ப்பு அமைப்புக்கு அனுப்பிக் கேட்கலாம். ஸ்பானியத்திலேயே சரிபார்த்துச் சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
கேட்கவில்லை என்றாலும் குறுஞ்செய்தி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பணம் விரயமாகிறது. ஒரு மருத்துவமனையின் ஸ்பானிய நினைவூட்டல் செய்தி, 150 எழுத்து. புதன்கிழமைச் சந்திப்புக்கு ஒரு செய்திக் கட்டணம். அதே வாசகம் சனிக்கிழமைக்கு மூன்று செய்திக் கட்டணம்.

சனிக்கிழமைக்கு ஸ்பானியத்தில் 'சாபதோ'. அதன் முதல் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தின் மேல் சாய்கோடு. ஜிஎஸ்எம்-7 என்ற அடிப்படை எழுத்துப் பட்டியலில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஈ' உண்டு. டில்டே போட்ட 'என்', இரட்டைப்புள்ளி யு, தலைகீழ்க் கேள்விக்குறி எல்லாம் உண்டு. சாய்கோடு போட்ட ஏ, ஐ, ஓ, யு நான்கும் கிடையாது. புதனுக்கு 'மியெர்கொலெஸ்', அதில் வருவது ஈ, தப்பித்தது. பட்டியலில் இல்லாத ஓர் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் யூசிஎஸ்-2 குறிமுறைக்கு மாறிவிடும். 160 எழுத்து கொண்ட இடத்தில் 70தான் கொள்ளும். நீண்டால் துண்டுக்கு 67. 150-ஐ 67 ஆல் வகுத்தால் மூன்று துண்டு.

தீர்வு: கிழமையை எடுத்துவிட்டுத் தேதியை எண்ணில் போடுங்கள். நாள் என்பதற்கான 'தியா'விலும் சாய்கோடு ஐ வரும், அதையும் தவிருங்கள். சாய்கோட்டைச் சும்மா நீக்குவது கடைசி வழி, அலட்சியமாகத் தெரியும். சில அனுப்பும் சேவைகள் சாய்கோட்டைத் தாமாகவே நீக்கித் தருகின்றன. அதைத் தொடங்கும் முன் 'என்' எழுத்தின் டில்டேயையும் சேர்த்துத் தின்கிறதா என்று உங்கள் எண்ணுக்கே அனுப்பிப் பாருங்கள். தின்றால் வசனவரிக்காரி அக்கா சொன்ன இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

சான்அன்டோனியோ_வாசி:
கணக்குப்பிள்ளை சார், இழை சமூக ஊடகம் பற்றியது. ஆனால் அந்தச் சனிக்கிழமைக் கணக்கைக் குறித்துவைத்துக்கொண்டேன். கடல்தாண்டி, புவெர்த்தோ ரிக்கோவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். நான் பேசியது பெருநிலத்தில் பிறந்தவர்களைப் பற்றி.

தெளிவுரை:
ஒரு முகப்பூச்சு விளம்பர ரீல். பேச்சு முழுக்க ஸ்பானியம். காசு வாங்கிச் செய்த விளம்பரம் என்பது மட்டும் ஆங்கிலத்தில், அதுவும் 'மேலும்' என்பதைத் தட்டினால்தான் தெரியும் இடத்தில். கீழே ஒரு வயதான அம்மா, "மகளே, நீ பயன்படுத்துவதால் நானும் வாங்கினேன்" என்று எழுதியிருந்தார். அந்த வரிதான் உறுத்துகிறது.

அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசியின் வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: எந்த மொழியில் பரிந்துரைக்கிறீர்களோ அதே மொழியில்தான் அறிவிப்பும் இருக்க வேண்டும். விளம்பரம் என்று பொருள்படும் 'அனுன்சியோ', 'புப்ளிசிதாத்' என்று எழுதுங்கள். காணொளி என்றால் விளக்கக் குறிப்பில் மட்டும் போடாமல் காணொளிக்குள்ளேயே, முடிந்தால் குரலிலும் எழுத்திலும் சொல்லுங்கள். நேரலை என்றால் அவ்வப்போது திரும்பச் சொல்லுங்கள், பாதியில் வருபவருக்கும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. லத்தீனோ என்பதற்குப் பதிலாகப் பாலினப் பொதுச்சொல்லாக 'லத்தீனெக்ஸ்' என்று எழுதச் சொல்லும் வாடிக்கையாளர்களுக்கு: பியூவின் 2019 ஆய்வில் தம்மை அப்படிக் குறிப்பிடுவதாகச் சொன்ன லத்தீனோக்கள் 3 சதவீதம், 2023-இல் 4 சதவீதம். ஸ்பானிய நாக்கில் அந்த முடிவு உட்காரவில்லை. பாலினப் பொதுச்சொல் வேண்டுவோர் சிலர் 'லத்தீனே' என்கிறார்கள். அழைக்கப்படுபவர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ அப்படியே எழுதுவது மரியாதை.

புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். ஆர்லாண்டோவில் ஒரு பழச்சாறுக் கடைக்கு நாளை காலை பதிவு போக வேண்டும். உறிஞ்சுகுழலுக்கு 'பொப்போத்தே' என்று இருக்கிறது. விடலாமா?

மளிகைச்சீட்டு:
விட வேண்டாம் தம்பி. அது மெக்சிகோச் சொல். ஆர்லாண்டோவுக்கு 'சொர்பெத்தோ'. விளக்கத்தில் மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாதீர்கள், படத்துக்குள் பதித்த எழுத்தையும் பாருங்கள்.